உடன்பயில்வோர் தரும் கால்பங்கு

ஒருவரிடம் புலமை எவ்வாறு நிறைகிறது என்பதை 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலாகிய நன்னூல் கணக்குப் போட்டே சொல்கிறது. ஆசிரியர் சொன்னதைப் பிசகின்றி வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிட்டுவது கால்பங்குதான்; தம்மோடு அதே நூலைப் பயில்பவர்களுடன் பழகி, கேட்டும் விடை சொல்லியும் பெறுவது இன்னொரு கால்பங்கு; பிறருக்கு விரித்துரைக்கும்போது எஞ்சிய அரைப்பங்கும் வந்து சேர்கிறது. நன்னூலின் ஆசிரியர் பவணந்தி முனிவர் இலக்கணப் பாடத்தை மனத்தில் வைத்து இதைச் சொன்னார் என்றாலும், முக்கால் பங்கு கல்வியை ஆசிரியரின் கையிலிருந்து எடுத்து மற்றவர்களோடு பேசும் பேச்சில் அவர் வைத்திருப்பது கவனத்துக்குரியது. தமக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றி வாசகர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக எண்ணும் வழக்கம் பரவியிருக்கும் இக்காலத்தில், அந்தக் கணக்கை அளவுகோலாகக் கொண்டு தமிழ் வாசகர் கூட்டங்கள் சிலவற்றை அளந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இங்கு இரண்டு சொற்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். விருப்பம் என்பது ஒருவருக்கு ஓர் ஆசிரியரின் எழுத்து பிடித்திருக்கிறது என்னும் நிலை; அதற்குக் காரணம் வேண்டியதில்லை, பசிக்கும் உறக்கத்துக்கும் காரணம் கேட்பாரில்லை. ரசனை என்பது அந்த விருப்பத்தை இன்னொருவர் முன் வைத்து, இந்த இடத்தில், இந்தச் சொல்லில், இந்தத் திருப்பத்தில் என்று சுட்டிக்காட்ட முடிகிற நிலை. விருப்பம் தனியறையில் விளையும். ரசனைக்குக் குறைந்தது இருவர் வேண்டும், அந்த இரண்டாமவர் தலையாட்டிக்கொண்டே இருப்பவராக இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

பவணந்தியார் வாழ்ந்த அதே நூற்றாண்டில் திருவரங்கத்தில் இந்தக் கணக்கு கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. நம்பிள்ளை என்னும் வைணவ ஆசாரியர் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பொருள் சொன்ன காலட்சேபங்களை, அதாவது அடியார் குழு கூடியிருக்க நூலை வரிசையாக விரித்துரைக்கும் அமர்வுகளை, அவருடைய மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டு இரவில் எழுதிவைத்தார் என்பது குருபரம்பரை வரலாறு கூறும் செய்தி. அப்படி உருவானதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது 32 எழுத்துகள் கொண்ட ஓர் அளவு, உரைநூல்களின் நீளத்தை அக்காலத்தார் இவ்வாறே எண்ணினர். ஈட்டின் பெருமையைப் பொதுவாக அதன் தத்துவ ஆழத்தில் காண்பார்கள். வாசகர் என்ற நோக்கில் பார்ப்பவருக்கு அதில் தென்படுவது வேறொன்று. பாசுரத்தின் ஒரு சொல்லுக்கு முந்தைய ஆசாரியர்களுள் பட்டர் இப்படிச் சொன்னார், நஞ்சீயர் அதற்கு இப்படிக் கேட்டார், இன்னொருவர் வேறு பொருள் கொண்டார் என்று, மூன்று நான்கு தலைமுறையினர் ஒரே ஆசிரியரைப் பற்றிப் பேசிய பேச்சு அந்த உரைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஐதிஹ்யம் என்று அவர்கள் பெயரிட்ட இந்தச் சிறு நிகழ்ச்சிக் குறிப்புகளை நீக்கிவிட்டால் உரையின் கருத்து பெரிதும் குறையாது. பேச்சின் சூடு போய்விடும். தம் அனுமதியின்றி எழுதப்பட்டதென்று நம்பிள்ளை அந்தச் சுவடியைத் தம்மிடமே வாங்கிக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவருக்கு அளித்தார் என்றும், அது நெடுங்காலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மட்டுமே கைமாறி வந்தது என்றும் மரபு சொல்கிறது. கேட்டவர் எழுதிவைத்ததால் பிழைத்த பேச்சு, எழுதிவைத்ததற்காகவே பூட்டிவைக்கப்பட்டதும் உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம்.

20ஆம் நூற்றாண்டில் இந்த மரபுக்கு மிகப் பெயர்பெற்ற வடிவம் தந்தது திருநெல்வேலியில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி. தொட்டிக்கட்டு என்பது வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி அமையும் தென்னாட்டுக் கட்டட முறை. அந்த முற்றத்துப் பகுதியில் வட்டமாக அமர்ந்து பேசியதால் கூட்டத்துக்கே இடத்தின் பெயர் நிலைத்தது. சங்கம், கழகம், சபை என்று எவரும் பெயர் சூட்டவில்லை. சந்தா, தீர்மானம், நன்றியுரை எதுவும் கிடையாது. வழக்குரைஞர் பட்டம் பெற்றவரும் சென்னைச் சட்டமன்ற மேலவையிலும் அறநிலைய வாரியத்திலும் பணியாற்றியவருமான டி.கே.சி., ரசிகமணி என்னும் பட்டத்தால் அறியப்பட்டதே இங்கு பொருளுடையது. தமிழுலகம் புலவர், நாவலர், கவிராயர் என்ற பட்டங்களை நிறையவே வழங்கியிருக்கிறது; படித்துச் சுவைப்பதற்காக ஒருவருக்குப் பட்டம் கொடுத்தது அரிது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகாராஜன், மீ.ப. சோமு, வித்வான் ல. சண்முகசுந்தரம் முதலியோர் அந்த வட்டத்தில் பழகியவர்கள். பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கியபோது கல்கியும் ராஜாஜியும் அங்கே விருந்தினராக வந்திருக்கிறார்கள். இலக்கியப் பேச்சோடு திருநெல்வேலிச் சமையலும் அந்த வீட்டின் புகழில் பாதியைப் பங்கிட்டுக்கொண்டது என்பதை அவரைப் பற்றி எழுதிய எவரும் விட்டுவிடவில்லை; பேச்சு நீள வேண்டுமானால் வயிறு குறைசொல்லாதிருக்க வேண்டும் என்பது கூட்டம் நடத்திய எவருக்கும் தெரிந்த செய்திதான்.

அங்கே நடந்தது என்ன என்பதைச் சற்று அருகில் சென்று காண வேண்டும். கம்பனின் ஒரு விருத்தம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. விருத்தம் என்பது நான்கு அடிகளும் ஒரே அளவில் ஒலிக்கும் பாவகை. ஓசை தவறிப் படித்தால் செய்யுள் வெறும் சொற்குவியலாகிவிடும். பழைய முறைப் புலவர் அதற்குப் பதவுரை சொல்வார், அதாவது சொல் ஒவ்வொன்றுக்கும் வேறொரு சொல்லைக் கொடுப்பார். பிறகு இலக்கணக் குறிப்பு, அணி, புராணக் கதை என்று போவார். முடிவில் மாணவரிடம் எல்லாமே இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது. டி.கே.சி. பாட்டையே திரும்பத் திரும்பச் சொல்லுவார் என்றுதான் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓரிடத்தில் நிறுத்தி, நடந்த காட்சியைப் பேச்சுத் தமிழில் விவரித்து, கேட்பவருக்கு அடுத்த சொல்லுக்கு ஏக்கம் வந்த பிறகு அச்சொல்லை விடுவார். கடைசியில் பாட்டு முழுவதையும் மறுபடி சொல்லும்போது விளக்கம் ஏதும் தேவைப்படாது. உருவம் என்பது அவருக்கு மிகவும் பிடித்த சொல். உணர்ச்சி எந்த ஓசைக் கட்டுக்குள் புகுந்து நிற்கிறதோ அதை அவர் அப்பெயரால் குறித்தார். அச்சில் வந்த அவருடைய கட்டுரைகளும், நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களும் இதே நடையில், எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைவோடு எழுதப்பட்டவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களைப் படித்தவர்கள் நடுவே எடுத்துச் சென்றதும் இந்தப் பேச்சுதான்.

இனி நன்னூலின் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். வட்டத்தொட்டியில் முதல் கால்பங்கு பொங்கி வழிந்தது. கேட்டவர்கள் பிற்காலத்தில் மேடையேறியும் நூலெழுதியும் கம்பனைப் பரப்பியதால் கடைசி அரைப்பங்கும் நிறைவாகவே கிட்டியது, காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் முதல் விழாவுக்கு டி.கே.சி.யே தலைமை தாங்கினார் என்பதும், பின்னர் ஊர்தோறும் கம்பன் கழகங்கள் கிளைத்தன என்பதும் அதற்குச் சான்று. நடுவில் உள்ள கால்பங்கு, உடன்பயில்வோர் தர வேண்டியது, அங்கே மெலிந்திருந்தது என்றே கருத வேண்டியிருக்கிறது. வட்டமாக உட்கார்ந்தாலும் அந்த வட்டத்துக்கு ஒரு மையம் இருந்தது. பேசுபவர் ஒருவர், உருகுபவர் பலர். அதன் விளைவு கம்பராமாயணப் பதிப்பில் தெரிந்தது. 10,000க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அந்நூலில் தம் செவிக்குக் கம்பனுடையதாகப் படாதவற்றை இடைச்செருகல் என்று, அதாவது பிற்காலத்தார் நுழைத்தது என்று, டி.கே.சி. பெருந்தொகையாக ஒதுக்கினார், சில இடங்களில் பாடத்தையும் மாற்றினார். ஒருவருடைய ரசனையே சுவடிக்கு மேலான சான்றாக நிற்க முடியுமா என்ற கேள்வி அந்த முற்றத்துக்கு வெளியே உரக்க எழுந்தது, உள்ளே அந்த அளவுக்கு எழவில்லை. அதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, அதே வழக்குரைஞர் தொழிலிலிருந்து தமிழுக்கு வந்து, 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப் பிள்ளை சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தீர்மானிக்கும் வழியில் நின்றவர். பாடபேதம் என்பது ஒரே இடத்தில் சுவடிக்குச் சுவடி சொல் வேறுபடுவது. அதைத் தீர்க்கச் செவி ஒரு துணை, தீர்ப்பு வழங்கும் நீதிபதி அன்று. பதிப்பு நெறியில் வையாபுரிப் பிள்ளையின் வழியே சரியானது. ஆனால் கம்பனைப் படிக்க வேண்டும் என்ற ஆசையைச் சாதாரணப் பட்டதாரிகளிடம் மூட்டியது ஒப்புநோக்கிய அடிக்குறிப்புகள் அல்ல என்பதையும் உடன்சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கம்பனைப் பற்றிய மறுப்பு வேறொரு திசையிலிருந்தும் வந்தது. 1943இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும், பின்னர் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் சி.என். அண்ணாதுரை நிகழ்த்திய சொற்போர்கள் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்கத் தகுமா என்பதைப் பற்றியவை. ஆரிய மேலாண்மையைத் தமிழர் மனத்தில் பதிக்கும் நூல் எவ்வளவு இனிதாயினும் ஏற்கத் தகாது என்பது ஒரு தரப்பு. கலையை அவ்வாறு தீயிலிட இயலாது என்பது மறுதரப்பு. அந்த மேடைகளில் ரசனைக்கு நேரமில்லை, வெற்றி தோல்விக்குத்தான் நேரமிருந்தது என்பது உண்மையே. எனினும், பிடித்த ஆசிரியரைப் பற்றிப் பேசும் கூட்டம் ஒன்று, அவரைப் பிடிக்காதவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதைத் தமிழ் வாசகருக்கு அந்த ஆண்டு கற்றுக்கொடுத்தது. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் பிற்காலத்தில் கம்பன் விழா மேடைகளில் ஏறிக் கம்பனைப் பேசியபோது, பக்தி நோக்கிலிருந்தும் எதிர்ப்பு நோக்கிலிருந்தும் விலகிய மூன்றாவது வாசிப்பு ஒன்று ஒரே அவையில் கேட்கப்பட்டது.

நடுவிலுள்ள கால்பங்கு தூய்மையாகக் கிடைத்த இடம் எது என்று தேடினால், கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூருக்குப் போக வேண்டும். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அங்கே ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒருவர் 1923இல் பிறந்து 1970இல் மறைந்தார், மற்றவர் 2021 வரை வாழ்ந்தார். கரிசல்காட்டு ஊரில், அதாவது மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விளையும் கறுப்பு மண் நிலத்தில், இருவரும் கைக்குக் கிடைத்ததைப் படித்து, கேட்கக் கிடைத்த சங்கீதத்தைக் கேட்டு, அதைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். இருவருக்கும் ரசிகமணியிடம் ஈடுபாடு உண்டு என்றாலும், இடைசெவலில் ரசிகமணி என்று எவரும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் ஆசிரியர், ஒருவருக்கு ஒருவர் மாணவர். 1940களில் அழகிரிசாமி பத்திரிகைப் பணிக்காகச் சென்னைக்குச் சென்ற பிறகு பேச்சு கடிதமாயிற்று. அவர் பின்பு மலாயாவில் தமிழ்நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆண்டுகளும் இடையில் உண்டு. கு. அழகிரிசாமி கடிதங்கள் என்ற பெயரில் பின்னர் நூலாக வந்த அவற்றைப் படிப்பவர், இரண்டு வாசகர்களுக்கிடையே மரியாதைப் பூச்சு இல்லாமல் ஆசிரியர்கள் எடைபோடப்படுவதைக் காணலாம். கி.ரா. அப்போது சிறுகதையாளர் அல்லர், கரிசல்காட்டு விவசாயி. அவருடைய கதைகள் அச்சேறி வாசகரின் கவனத்துக்கு வந்தது 1950களின் கடைசியில்தான். பிடித்த ஆசிரியர்களைப் பற்றிப் பதினைந்து இருபது ஆண்டுகள் பேசிய பேச்சு ஒருவரை எழுத்தாளராக்கும் என்று விதி சொல்ல முடியாது. ஆனால் எதை எழுத வேண்டாம் என்பதை அது முன்கூட்டியே தெரிவித்துவிடும், கி.ரா.வின் முதல் கதைகளிலேயே கற்றுக்குட்டித்தனம் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அச்சு ஊடகத்தில் இதே வேலையைச் செய்ய முற்பட்டவர் க.நா. சுப்ரமண்யம். படித்திருக்கிறீர்களா? என்று அவர் தம் நூலுக்கு வைத்த தலைப்பே ஒரு வாசகர் இன்னொரு வாசகரைத் தெருவில் நிறுத்திக் கேட்பதுபோல் இருக்கிறது. நல்ல நாவல்கள், நல்ல சிறுகதைகள் என்று அவர் அவ்வப்போது வெளியிட்ட பட்டியல்களில் அன்றைய பெருவாரியான வாசகர்கள் கொண்டாடிய பெயர்கள் பல இடம்பெறாமல் போனதால் சண்டைகள் மூண்டன. பட்டியல் விருப்பத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை என்பதே அவர்மீது வைக்கப்பட்ட வலுவான குறை. 1959 ஜனவரியில் எழுத்து இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, படைப்பை வரிவரியாகப் பிரித்துக் காட்டும் முறையை வற்புறுத்தினார். அலசல் விமர்சனம் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. துணியை நீரில் அலசும் வீட்டுச் சொல்லை விமர்சனத்துக்குக் கொண்டுவந்தது பொருத்தமானதே, ஏனெனில் அலசுகிறவர் துணியைக் கிழிப்பதில்லை. எழுத்து 119 இதழ்களோடு 1970இல் நின்றது. தாம் பதிப்பித்த நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் செல்லப்பா. பிடித்த எழுத்தைப் பிறரிடம் சேர்ப்பது தோள்வலி தரும் வேலையும்கூட என்பதை அவரளவுக்கு மெய்ப்பித்தவர் வேறில்லை. அதே காலத்தில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய பதிப்பகம் வாசகர் வட்டம் என்றே பெயர் கொண்டு, லா.ச. ராமாமிருதத்தின் புத்ர, தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் போன்ற நூல்களை வெளியிட்டது.

இதுவரை கண்ட கூட்டங்கள் யாவும் நிலமோ பட்டமோ சாதித் தகுதியோ உடையவர்களின் வீட்டு முற்றத்திலும், அவர்களோடு பழக இயன்றவர்களின் நடுவிலும் பெரும்பாலும் நடந்தவை. யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மாறான இடம் ஒன்று இருந்தது. கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்னும் முடிதிருத்தகத்தில் தொழில் செய்த டொமினிக் ஜீவா, தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பள்ளியிலும் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் இடம் மறுக்கப்பட்ட காலத்தில் வளர்ந்தவர். ஜீவானந்தத்தின் மீதிருந்த ஈடுபாட்டால் தம் பெயரோடு ஜீவா என்பதைச் சேர்த்துக்கொண்டவர். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர் கையில் ஒரு பத்திரிகை இருக்கும். நாற்காலியில் அமர்ந்தவர் தலையை அசைக்க முடியாதே தவிர வாயை அசைக்கலாம். கத்தரி ஓடும் நேரத்துக்குள் ஒரு கதையைப் பற்றி இரண்டு கருத்துகள் மோதிவிடும். சலூன் நாற்காலியில் உட்கார்ந்த எவருக்கும், பேராசிரியராயினும் மூட்டை தூக்குபவராயினும், ஒரே துணிதான் போர்த்தப்படுகிறது. 1966 ஆகஸ்டில் இந்தச் சூழலிலிருந்தே மல்லிகை என்னும் மாத இதழ் பிறந்து, போர்க்காலத்தையும் தாண்டி ஏறத்தாழ 400 இதழ்கள் வெளிவந்தது. இதழை ஜீவாவே தெருவில் நடந்து விற்றார். நன்னூல் கணக்கின் மூன்று பங்குகளும் ஒரே இடத்தில் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு 20ஆம் நூற்றாண்டுத் தமிழில் காணக் கிடைக்காது.

பெண்கள் இக்கூட்டங்களில் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: பெரும்பாலும் அடுக்களையில். வட்டத்தொட்டியின் விருந்தைப் புகழ்ந்தவர்கள் அதைச் சமைத்தவர்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டார்களா என்று எழுதவில்லை. அக்காலத்துப் பெண்களுக்கு வேறு வகைக் கூட்டங்கள் இருந்தன என்பதற்கு வை.மு. கோதைநாயகியின் தொடக்கம் ஒரு சான்று. எழுதப் பழகியிராத நிலையில் அவர் தம் முதல் படைப்பாகிய இந்திரமோகனா என்னும் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார்; நூல் 1924இல் வெளிவந்தது. சொல்பவர் ஒருவர், கேட்டு எழுதுபவர் ஒருவர் என்ற இந்த இருவர் கூட்டம் திருவரங்கத்துக் காலட்சேபத்தின் அதே அமைப்பைக் கொண்டது. வரலாற்று நூல்களில் ஒன்றுக்குப் பல பக்கங்களும் மற்றொன்றுக்கு ஒரு வரியும் கிடைத்திருக்கின்றன.

இன்றும் தமிழ்நாட்டு ஊர்களில் நூலக மாடியிலும் பள்ளி வகுப்பறையிலும் வீட்டு மொட்டைமாடியிலும் பத்துப் பதினைந்து பேர் கூடி ஓர் ஆசிரியரைப் பற்றிப் பேசுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவற்றை நடத்துபவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கலாம். எடுத்துக்கொண்ட ஆசிரியரைப் பிடிக்காத ஒருவரையாவது கூட்டத்துக்கு அழைத்து, அவரை முதலில் பேசவிட வேண்டும். கூட்டம் கலைந்த அன்றிரவே, யார் எந்தப் பக்கத்தைச் சுட்டி என்ன சொன்னார், அதற்கு எவர் எப்படி மறுத்தார் என்பதை ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஈடு இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம் நம்பிள்ளையின் புலமையோடு வடக்குத் திருவீதிப் பிள்ளையின் இரவுகளும்தான். அழகிரிசாமியின் கடிதங்கள் நூலாகக் கிடைப்பதற்குக் காரணம், இடைசெவலில் கி.ரா. அவற்றைத் தூக்கியெறியாமல் வைத்திருந்தார் என்பதே.